கூடையின் அடி

ஊரில் உள்ள பெரியவர்களும் வாசகசாலைக்கு வரும் தம்பிமார்களும் முதலில் என் எழுத்தைப் பொறுத்துக்கொள்ள வேண்டும். நான் முசிறிப் பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்போடு நின்றவன். அதற்குப் பிறகு பதுளைக் கடையில் பொட்டலம் கட்டிக் கட்டி என் விரல்கள் சணலுக்குப் பழகிவிட்டன. பேனா பிடித்தால் எழுத்தும் முடிச்சு முடிச்சாகத்தான் விழுகிறது. எங்கே சின்ன ர, எங்கே பெரிய ற என்பதில் இன்றைக்கும் சந்தேகம் உண்டு. திருத்தித் தரச் சொல்லிக் கல்லூரியில் படிக்கும் மகனிடம் கொடுத்தேன். அவன் முதல் நாலு வரியை எழுத்துக் கூட்டிப் படித்து முடிப்பதற்குள் எனக்குக் கொட்டாவி வந்துவிட்டது. தமிழில் அவன் என்னைவிட மோசம். ஆகையால் பிழைகளோடேயே அனுப்புகிறேன்.

1

போன வாரம் மகன் உதடு கிழிந்து வீட்டுக்கு வந்தான். சட்டையின் முன்பக்கம் முழுக்க ரத்தம்.

"என்னடா இது?"

"ஒண்ணுமில்லப்பா. பாஸ்கட்போல். ஒருத்தன் முழங்கையால இடிச்சுட்டான். நானும் விடல, அவன் மூக்கு போச்சு."

"கூடைப்பந்தா?"

"கூடைன்னு சொல்லாதீங்கப்பா, பையங்க சிரிக்கிறாங்க. இப்ப அங்க கூடையே கிடையாது. இரும்பு வளையமும் வலையுந்தான்."

வருகிற சனிக்கிழமை பெரிய போட்டி இருக்கிறது, நீங்களும் வாங்க என்றான். கடையில் வேலை இருக்கிறது என்றேன். அடுப்படியிலிருந்து அவன் அம்மா குரல் கொடுத்தாள்: "அவரு வரமாட்டாருடா. கடைசியா அங்க போனப்ப ஒரு பல்லை விட்டுட்டு வந்தாரு."

"என்ன பல்லு? என்னப்பா நடந்துச்சு?"

நாலு வாக்கியம் சேர்ந்தாற்போலப் பேச எனக்கு வராது. கடையில்கூட முதலாளி பேசுவார், நான் நிறுப்பேன். அவனுக்குச் சொல்ல முடியாததை உங்களுக்கு எழுதுகிறேன்.

2

நம் ஊரில் கூடை என்றால் சாணிக்கூடை, எருக்கூடை. அடி பிய்ந்துபோனால் கவிழ்த்துப் போட்டுக் கோழிக்குஞ்சுகளை மூடுவோம். அதற்குமேல் அதைப்பற்றி யாரும் யோசித்ததில்லை. இங்கே தேயிலைத் தோட்டங்களில் அப்படி இல்லை. கொழுந்து பறிக்கும் பெண் ஒவ்வொருத்திக்கும் தன் கூடை உண்டு. கயிற்றைத் தலையில் மாட்டி முதுகில் சுமக்கிறாள். அடுத்தவள் கூடையை எடுத்து மாட்டினால் சண்டைதான்.

ஸ்பிரிங்வெளிப் பக்கத்தில் என் நண்பன் வீரப்பன் வேலை பார்த்த தோட்டத்தில் இன்னொரு வழக்கமும் இருந்தது. மற்றத் தோட்டங்களில் உண்டா என்று நான் அறியேன். லயத்தில், அதாவது அவர்கள் குடியிருக்கும் வரிசை வீடுகளில், ஒரு பெண் செத்தால் அவள் கூடையின் அடியை அறுத்துக் குழிமேட்டில் கவிழ்த்து வைப்பார்கள். அடி இருக்கிற கூடை இருந்தால் செத்தவள் மறுபடி மலைக்கு வந்துவிடுவாளாம். தண்ணீர் பிடிக்கும் பீலியில் சண்டை முற்றினால் பெண்கள் வாயில் கடைசியாக வருகிற சாபம், "உன் கூடை அடி அறுந்து போக." அதற்குப் பிறகு பேச்சு இல்லை, தலைமயிரைப் பிடிப்பதுதான்.

3

ரயில் பதுளை வரைக்கும் வராத காலம் அது. பண்டாரவளைக்கு வந்துவிட்டு நின்றுவிட்டது. இங்கே எல்லாம் மாட்டு வண்டிதான்.

ஒரு நாள் கல்லூரி மாஸ்டர் ஒருவர் எங்கள் கடைக்கு வந்தார். யாழ்ப்பாணத்துக்காரர், இளவயது. கொழும்பில் ஒரு புது விளையாட்டைப் பழகி வந்திருக்கிறார். கல்லூரியின் பெயர் வேண்டாம். அவரையும் மாஸ்டர் என்றே எழுதுகிறேன்.

"உறுதியான கூடை ரெண்டு வேணும். பந்து போடுறதுக்கு" என்றார்.

கடையில் ஒன்றுதான் இருந்தது. அரிசி வாங்க வந்து ஓரமாக நின்ற வீரப்பன் கையைக் கட்டிக்கொண்டு முன்னால் வந்தான். "எம் பொஞ்சாதி கூடை சும்மாதாங்க கெடக்கு. அவ மாசமா இருக்கா, மலைக்குப் போறதில்ல. நல்ல மூங்கிலு சாமி. தண்ணி ஊத்தினாலும் ஒழுகாது."

பந்துகளைக் கூடையில் போட்டு வைத்திருப்பார்கள் என்றுதான் அவனும் நினைத்தான், நானும் நினைத்தேன். மறுநாளே கொண்டுவந்து கொடுத்துவிட்டான். அன்றிலிருந்து லயத்தில் அவனைப் பிடிக்க முடியவில்லை. "எங்க வீட்டுக் கூடை காலேஜுக்குப் போயிருக்கு. எங்க பரம்பரையில மொதல்ல படிக்கப் போனது அதுதான்" என்று சொல்லித் திரிந்தான். போட்டி நாளைத் தெரிந்துகொண்டு எங்களையும் கிளப்பினான். எங்களை என்றால் என்னையும் வண்டிக்கார மாயாண்டியையும். மாயாண்டி எங்கள் கடை அரிசியைத் தோட்டத்துக்கு ஏற்றுகிறவன். பொய் சொல்வதில் பதுளைக் கடைவீதியிலேயே அவன்தான் முதல்.

4

சனிக்கிழமை காலையில் நானும் மாயாண்டியும் தோட்டத்தில் அரிசி இறக்கிவிட்டு, வெறும் வண்டியில் வீரப்பனை ஏற்றிக்கொண்டு திரும்புவதாக ஏற்பாடு. வீரப்பன் அரைப் பேர் போட்டிருந்தான். அரைப் பேர் என்றால் அரை நாள் வேலை, அரை நாள் கூலி.

அவன் மனைவி செல்லம்மா லயத்து வாசலில் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நிறைமாதம். அதற்கு முன் பிறந்த இரண்டும் தங்கவில்லை.

"என்னைக் கேக்காம என் கூடையக் குடுத்தீல்ல? இன்னைக்குப் பொழுது சாயறதுக்குள்ள அது இங்க இருக்கணும். புள்ள பொறந்து பதினாறு கழிஞ்சா நான் மலைக்குப் போகணும்."

"கையோட கொண்டாறேன் புள்ள. சத்தியம்."

காலையில் ஆள் கணக்கு எடுக்கும் பெரட்டுக் களத்தைத் தாண்டவில்லை, கங்காணி வண்டியை மறித்தான். "அரைப் பேரு நாயிக்கு வண்டி கேக்குதா?" என்று பிரம்பால் வீரப்பன் தோளில் இரண்டு வைத்தான். சட்டை கிழிந்து வரி எழும்பியது. வீரப்பன் சிரித்தான். அவன் எப்போதும் அப்படித்தான். துரை உதைத்தாலும் சிரிப்பான். வண்டி நகர்ந்த பிறகு நான் துண்டை நனைத்துக் கொடுத்தேன்.

"விடுங்கண்ணே. அடி வாங்கறது சம்பளத்தோட சேத்திதானே" என்றான்.

பாதி வழியில் பலகை ஏற்றிய வண்டி ஒன்று எதிரே வந்தது. ஒரு பக்கம் மலை, மறுபக்கம் பள்ளம். அந்த வண்டிக்காரன் ஒதுங்காமல் மாயாண்டியின் வலத்து மாட்டைச் சாட்டையால் மூஞ்சியிலேயே அடித்தான். மாடு முழங்கால் போட்டது. மாயாண்டி குதித்து அவன் கழுத்தைப் பிடித்தான். அவன் தார்க்குச்சியை மாயாண்டியின் தொடையில் செருகினான். இரண்டு பேரும் உருண்டு பள்ளத்து விளிம்புக்கே போய்விட்டார்கள். வீரப்பன் சாவகாசமாக இறங்கிப் போய் ஆளுக்கொரு கையால் பிரித்து இழுத்தான். நடுவில் அவனுக்கும் நாலு விழுந்தது. அவன் யாரையும் திருப்பி அடிக்கவில்லை.

"நேரமாச்சுப்பா. நம்ம கூடை காத்துக்கிட்டு இருக்கும்" என்று மட்டும் சொன்னான்.

இதை எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது. அவனைப் பிறகு கோர்ட்டில் முரடன் என்றார்கள். அன்று மத்தியானம் வரைக்கும் அவன் ஒரு மனிதனை அடித்து நான் பார்த்ததில்லை.

5

கல்லூரி மைதானத்தில் இரண்டு கம்பங்கள் நட்டிருந்தார்கள். இரண்டு ஆள் உயரத்தில், கம்பத்துக்கு ஒன்றாகக் கூடைகளை ஆணி அடித்து மாட்டியிருந்தார்கள். வீரப்பன் அண்ணாந்து பார்த்து என் தோளில் அடித்தான். "அந்தா, சிவப்புக் கயிறு. நம்முளுது. அண்ணே, சாமி மாதிரி ஒசத்தி வச்சிருக்கான் பாருங்க."

கனவான்கள் நாற்காலியில் இருந்தார்கள். எங்களைப் போன்றவர்கள் வேலி ஓரம். தோட்டங்களிலிருந்து வேறு பலரும் வந்திருந்தார்கள். விளையாட்டு என்று பெயர்தான், வெளியூர்ப் பையன்களும் நம் பையன்களும் ஒருவனை ஒருவன் முட்டித் தள்ளினார்கள். ஒருவன் கம்பத்தில் நெற்றியை மோதி ரத்தத்தைத் துடைத்துக்கொண்டே ஓடினான். பந்து கூடைக்குள் விழுந்தால் அங்கேயே தங்கிவிடும். பியூன் ஏணியில் ஏறி எடுத்துப் போடுவான். அதுவரைக்கும் எல்லாரும் நிற்க வேண்டும்.

"ஏண்ணே, ஏறினதுதான் ஏறினே, அப்படியே ரெண்டு றாத்தல் கொழுந்தும் அள்ளிட்டு வா" என்று வேலியிலிருந்து ஒருவன் கத்த, எல்லாரும் சிரித்தார்கள்.

வீரப்பனுக்குப் பெருமை தாங்கவில்லை. "எத்தனை பந்து போட்டான், ஒண்ணையாவது கீழ விட்டுச்சா பாருங்க" என்று முன்பின் தெரியாதவர்களிடமெல்லாம் சொன்னான்.

இடைவேளையில் மாஸ்டர் பியூனைக் கூப்பிட்டார். "இப்பிடி ஏறி இறங்கினா விடிஞ்சிடும். கத்தி கொண்டு வா. ரெண்டினதும் அடியை அறுத்து விடு. பந்து தானா விழட்டும்."

அவர் சொன்னது அவருக்கு நியாயம். நம் ஊர்க்காரனான எனக்கும் முதலில் அது தப்பாகப் படவில்லை, கோழிக்குஞ்சு ஞாபகம்தான் வந்தது. பியூன் கடைக் கூடையின் அடியை அறுத்தான். வட்டமாக விழுந்தது. அப்போதுதான் வேலி ஓரம் பேச்சு அடங்கிவிட்டதைக் கவனித்தேன். ஒரு கிழவர் தலைப்பாகையை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டார். பியூன் ஏணியை அடுத்த கம்பத்துக்குத் தூக்கிப் போனான்.

வீரப்பன் வேலியைத் தாண்டி ஓடினான். மாஸ்டர் காலில் விழுந்தான். "சாமி, அதுல கை வைக்காதீங்க. அது வேணாம். எம் பொஞ்சாதி இருக்கா சாமி."

உயிரோடு இருக்கிறாள் என்று அவன் சொன்னான். அந்த மனிதருக்கு அது விளங்கவில்லை. "மனிசி இருந்தா இருக்கட்டுமன். கூடைக்கு என்ன? புதுசு வாங்கித் தாறன், எழும்பு" என்று சிரித்தார். சிரித்துக்கொண்டே மேலே பார்த்துக் கையை அசைத்தார். பியூன் கத்தியை இழுத்தான்.

பாதி வட்டம் அறுந்து தொங்கியது.

வீரப்பன் ஏணியை ஒரே பிடுங்காகப் பிடுங்கினான். பியூன் கத்தியோடு விழுந்தான். வீரப்பன் கம்பத்தைக் கட்டிப் பிடித்து ஏறிக் கூடையை ஆணியோடு பிய்த்தெடுத்தான். இறங்கும்போது மாஸ்டர் அவன் தோளைப் பிடித்தார். பதினைந்து வருஷம் கவ்வாத்துக் கத்தியால் தேயிலைச் செடி வெட்டிய கை அது. அது மாஸ்டரின் கையைப் பிடித்துத் திருப்பியபோது வந்த சத்தத்தை நான் வேலியிலிருந்தே கேட்டேன். முற்றிய தேயிலைக் கிளை ஒடிகிற சத்தம்.

இரு கல்லூரிகளின் பையன்களும் அதுவரை ஒருவரையொருவர் முட்டிக்கொண்டிருந்ததை மறந்து ஒன்றாக அவன்மேல் விழுந்தார்கள். மாயாண்டி நொண்டிக்கொண்டே நுகத்து முளையைப் பிடுங்கி வந்து கண்ட முதுகிலெல்லாம் போட்டான். தோட்டத்து ஆட்கள் வேலியைச் சாய்த்தார்கள். நாற்காலிகள் பறந்தன. நான் ஏன் போனேன் என்று தெரியாது; கீழே கிடந்த ஏணியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றேன். யாரோ ஒருவன் பூட்ஸ் காலால் உதைத்ததில் ஏணியின் படி என் வாயில் இடித்தது. மகன் கேட்ட பல் அங்கே போயிற்று.

வீரப்பன் கடைசிவரை ஒரு கையால்தான் சண்டை போட்டான். மறு கையால் கூடையின் அடியைப் பொத்திப் பிடித்திருந்தான், வயிற்றில் வெட்டுப்பட்டவன் குடலைப் பிடிக்கிற மாதிரி. போலீஸ்காரர் குண்டாந்தடியால் காதோடு சேர்த்து அடித்தபோதுதான் அந்தக் கை விட்டது. மிச்சம் பாதியும் அறுந்து புல்லில் விழுந்தது. அவன் அதைப் பார்த்தான். பிறகு அவன் கத்திய மாதிரி எந்த மனிதனும் கத்தி நான் கேட்டதில்லை.

6

செல்லம்மாவுக்கு அன்று மாலையே வலி கண்டுவிட்டது. கூடை எங்கே, புருஷன் எங்கே என்று கேட்டாளாம். மாயாண்டி போய், "காலேஜுல விருந்து போடறாங்க, தின்னுக்கிட்டு இருக்கான்" என்று சொல்லியிருக்கிறான். விடிந்தபோது பெண் குழந்தை பிறந்தது. தாயும் பிள்ளையும் நலம். அப்புறம் லயத்துப் பெண்கள் வாயால் எல்லாம் அவளுக்குத் தெரிந்தது. பல்லைக் கடித்தாளாம்.

கோர்ட்டில் தமிழ்ப் பேச்சை இங்கிலீஷில் மாற்றிச் சொல்கிறவரும் யாழ்ப்பாணத்தவர். ஏன் அடித்தாய் என்று கேட்டார்.

"அடியை அறுத்தாங்க சாமி. அதான் அடிச்சேன்."

"எந்த அடி? காலடியோ? கையால அடிச்ச அடியோ?"

"கூடை அடிங்க. கூடை அடி."

அவர் சற்று யோசித்துவிட்டு, தன்னைக் கூடையால் அடித்தார்கள் என்று இவன் சொல்கிறான் என நீதிபதி துரைக்கு இங்கிலீஷில் சொன்னார். பக்கத்தில் இருந்த பெட்டிஷன் எழுதுகிறவர் எனக்கு அதைத் தமிழில் சொன்னார். காயம் எங்கே, காட்டு என்றார் துரை. வீரப்பன் மேசைமேல் இருந்த கூடையைக் காட்டினான். எல்லாரும் சிரித்தார்கள். அவன் கூண்டுக் கட்டையில் தன் தலையைத் தானே மடேர் மடேர் என்று மோதிக்கொண்டான். சாட்சி சொல்ல நான் எழுந்தேன். வாயில் வீக்கம், மனதில் பயம், ஒரு சொல்லும் வரவில்லை. உட்காரச் சொல்லிவிட்டார்கள். அவனுக்கு ஒரு மாதம் விதித்தார்கள்.

7

பெண் குழந்தை பிறந்ததைச் சொல்ல நானும் மாயாண்டியும் ஜெயிலுக்குப் போனோம். கம்பிக்கு அந்தப் பக்கம் வீரப்பன் ஒரு காதைச் சாய்த்துக்கொண்டு நின்றான். அடிபட்ட காது அதற்குப் பிறகு கேட்கவே இல்லை.

"பொட்டைப் புள்ளடா மாப்ளே. ராசாத்தி மாதிரி இருக்கு. செல்லம்மா கல்லு மாதிரி இருக்கா" என்றான் மாயாண்டி.

"நீ பொறந்ததிலேருந்து உண்மை சொன்னதில்ல. அண்ணே, நீங்க சொல்லுங்க. அவ இருக்காளா?"

"இருக்காப்பா" என்றேன்.

"ஏண்ணே தலையக் குனிஞ்சுக்கிட்டுச் சொல்றீங்க?"

நான் எப்போதும் அப்படித்தான் பேசுகிறவன். முதலாளியிடமும் அப்படித்தான், என் மனைவியிடமும் அப்படித்தான். அன்றைக்கு நிமிர்ந்து அவன் முகத்தைப் பார்க்க எத்தனையோ முயன்றேன். வீங்கிய அந்த முகத்தைப் பார்க்க முடியாமல் மறுபடி குனிந்துவிட்டேன்.

"சரி. புரிஞ்சுச்சு" என்றான். "மாயாண்டி, நான் வெளிய வர அன்னிக்கு என் கவ்வாத்துக் கத்தியக் கொண்டா. நல்லாத் தீட்டிக் கொண்டா. அந்த வாத்தியான் கூடைக்கு நான் அடி அறுக்கணும்."

மாயாண்டி பயத்தில் சரி என்று தலையாட்டிவிட்டு வெளியே வந்து, "அண்ணே, இவன் செய்வான்" என்றான். எனக்கும் அது தெரிந்தது. கத்தி இல்லாவிட்டாலும் செய்வான். ஜெயிலில் அவன் சோறு தொடுவதில்லை என்றும், ஒரு வார்டரைக் கடித்துவிட்டான் என்றும் கேள்விப்பட்டோம்.

கடைசியில் செல்லம்மாவிடமே போய்ச் சொன்னோம். குழந்தைக்குப் பால் கொடுத்துக்கொண்டே கேட்டாள். "வண்டியப் பூட்டிக்கிட்டு அன்னிக்கு விடியறதுக்கு முன்ன வாங்க" என்றாள்.

8

விடுதலை நாளில் ஜெயில் வாசலில் நாங்கள் வண்டியை நிறுத்தியபோது அங்கே ஒரு ஆள் ஏற்கெனவே நின்றிருந்தார். மாஸ்டர். ஒரு கை கழுத்தில் கட்டிய தூளியில், மறு கையில் கூடை. போலீஸார் அவரிடம்தான் திருப்பிக் கொடுத்திருந்தார்கள். கல்லூரிப் பையன்களைக் கொண்டு தென்னங்கயிற்றால் ஓர் அடி பின்னி வைத்திருந்தார்.

"பிள்ளைகளுக்குத் தெரிஞ்ச மாதிரி பின்னினவை. எனக்கு ஒருவரும் சொல்லேல்லை அம்மா. பிறகுதான் கேட்டறிஞ்சன்" என்றார்.

மாயாண்டி அவரைப் போய்விடச் சொல்லிக் கெஞ்சினான். அவர் அசையவில்லை. செல்லம்மா கூடையை வாங்கி அடியை விரலால் அமுக்கிப் பார்த்தாள்.

"இது அடியா சாமி? இதுல கோழிகூடக் குந்தாது" என்றாள். அவரும் சிரிக்கப் பார்த்தார், முடியவில்லை. "நீங்க வண்டிக்குப் பின்னால போங்க. அவரு வந்தா முன்னால நான் நிக்கிறேன்."

கதவு திறந்தது. வீரப்பன் எலும்பும் தோலுமாக வந்தான். முதலில் மாயாண்டியின் கைகளைப் பார்த்தான், கத்தி இருக்கிறதா என்று. பிறகு வண்டிக்குப் பின்னால் வெள்ளைச் சட்டையைப் பார்த்துவிட்டான். அவன் நடை மாறியது. குனிந்து வழியில் கிடந்த கல் ஒன்றை எடுத்தான்.

செல்லம்மா குறுக்கே போய் நின்றாள். அவன் நின்றுவிட்டான். அவளைப் பார்க்கிறான், கூடையைப் பார்க்கிறான். முகத்தில் ரத்தமே இல்லை.

"போயிரு புள்ள" என்றான் மெதுவாக. "நான் முடிச்சிட்டு வந்துர்றேன். என்னைக் கூப்புட வராத. போயிரு."

பேய் என்று நினைத்துப் பேசுகிறான் என்று எனக்குப் புரிய ஒரு நொடி ஆயிற்று.

"அண்ணே, புள்ளையக் கொஞ்சம் பிடிங்க" என்று குழந்தையை என் கையில் திணித்தாள். கூடையைக் கீழே வைத்தாள். முந்தானையை இழுத்துச் செருகினாள். பிறகு அவன் கன்னத்தில் அறைந்தாள். ஜெயில் காவல்காரன் திரும்பிப் பார்த்தான். "என்னைக் கேக்காம கூடையக் குடுத்ததுக்கு." மறு கன்னத்தில் இன்னொன்று. "உசுரோட இருக்கறவளக் குழியில போட்டதுக்கு."

வீரப்பனின் உதட்டோரம் ரத்தம் கசிந்தது. கையிலிருந்த கல் விழுந்தது. கன்னத்தைத் தடவி விரலைப் பார்த்தான். கங்காணி அடித்தபோது சிரித்தானே, அந்தச் சிரிப்பு இல்லை இது. வாய் கோணியது.

"செத்தவ அடிக்க மாட்டா" என்றான் என்னைப் பார்த்து. பிறகு கேட்கிற காதை அவள் பக்கம் திருப்பி நின்றான்.

"செல்லம்மா. இன்னொண்ணு அடி."

தோட்டத்தில் அவன் பெயரை வெட்டிவிட்டார்கள். புருஷனும் பெண்டாட்டியும் பிள்ளையோடு பூனாகலைப் பக்கம் போய்விட்டார்கள். அந்தக் கூடைக்கு அவளே மூங்கில் சீவி அடி பின்னிக்கொண்டாள், இன்னும் அதில்தான் பறிக்கிறாள் என்று மாயாண்டி சொல்கிறான். அவன் சொல்வதால் நான் பாதிதான் நம்புகிறேன்.

நாளைக்குச் சனிக்கிழமை. மகனின் போட்டிக்கு வருகிறேன் என்று இன்று காலை சொன்னேன், தலையைக் குனிந்தபடிதான். அவன் நம்பிவிட்டான்.

பதுளை,
விபவ வருஷம் மாசி மாதம் நாலாந் தேதி, வெள்ளிக்கிழமை.